சோம்பல் அன்று, நோய்

கணிதத்தில் முதன்மை பெற்றுவந்த நமது மாணவன் ஒருவன், உயர்தரப் பரீட்சைக்கு ஓராண்டு இருக்கையில் மெல்ல மெல்ல மாறத் தொடங்கினான். கடைசி வாங்கிலே தனியே போய் அமர்ந்தான். நண்பரோடு பேசுவதை விட்டான். குளிப்பதும் தலைவாருவதும் அருகின. கொப்பிகள் வெறுமையாக வந்தன. நாம் அதனைச் சோம்பல் என்று எண்ணினோம்; வகுப்பார் முன்னிலையிற் கடிந்தும் பேசினோம். சில மாதங்களின் பின், சுவருக்கப்பால் நின்று அயலார் தன்னை ஏசுகின்றனர் என்று அவன் நள்ளிரவில் அலறியபோதே வீட்டார் வைத்தியரை நாடினர். வைத்தியர் கூறிய பெயர் ஸ்கிசோபிரீனியா. தமிழில் மனச்சிதைவு நோய் என்பர். அன்று நாம் கூறிய கடுஞ்சொற்கள் இன்றும் நெஞ்சை உறுத்துகின்றன. அப்பிழை பிறர்க்கும் நேராதிருத்தற் பொருட்டு, இந்நோய்பற்றிக் கற்றறிந்தவற்றை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

நோயை அறிதல்

இப்பெயரை 1908ஆம் ஆண்டில் வழங்கியவர் சுவிற்சர்லாந்து வைத்தியர் ஒய்கன் புளொய்லர். பிளவுபட்ட மனம் என்பது அதன் பொருள். ஒருவனுள்ளே இருவர் குடியிருக்கும் நோய் எனப் பலர் மயங்குவர், அஃதன்று. எண்ணமும் உணர்ச்சியும் இசைந்து இயங்காமையையே அவர் பிளவு என்றார். உலகில் ஏறத்தாழ 300 பேருள் ஒருவருக்கு இந்நோய் உண்டென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ இது தோன்றும்.

இல்லாத குரல்கள் காதில் ஒலித்தல், பிறர் தனக்குத் தீங்கு சூழ்கின்றனர் என்று அசையாது நம்புதல், பேச்சுத் தொடர்பறுதல் ஆகியன எவர் கண்ணுக்கும் புலப்படும் குறிகள். ஊக்கம் குன்றுதல், முகத்தில் உணர்ச்சி மங்குதல், தனிமையை நாடுதல் என்பனவோ அமைதியான குறிகள். இவை முன்னரே தோன்றக்கூடும். நாம் சோம்பல் என்று கொண்டவை இவற்றையே.

இரத்தத்தைச் சோதித்து, இதுதான் நோய் என்று சொல்லிவிட இயலாது. வேறு நோய்களும் போதைப்பொருள்களும் இத்தகைய குறிகளைத் தரக்கூடுமாதலின், அவற்றை விலக்கவே அச்சோதனைகள் உதவும். நோயாளியோடும் வீட்டாரோடும் நிதானமாக உரையாடி, குறிகள் குறைந்தது ஒரு மாதமேனும் நீடித்தனவா என ஆராய்ந்தே வைத்தியர் முடிவு செய்வர்.

காரணம் யாது?

ஒரு காலத்தில் மேனாட்டறிஞர் சிலர் தாயின் வளர்ப்பையே காரணமாகக் காட்டினர். அக்கொள்கை இன்று கைவிடப்பட்டது. தாய்மாரே, உங்கள் வளர்ப்பினால் இந்நோய் வருவதில்லை. செய்வினையும் சாபமும் காரணமல்ல.

பரம்பரைக்குப் பங்குண்டு. ஆயினும், ஒரே கருவிற் பிரிந்த இரட்டையருள் ஒருவர் நோயுற்றால் மற்றவரும் நோயுறுவது பாதியளவுக்கு மேற்படுவதில்லை. எனவே பரம்பரை மட்டுமே காரணமாகாது. பிறப்பின்போது நேரும் இடர்களும், இளமையிற் கஞ்சா புகைத்தலும் ஆபத்தை மிகுவிக்கும். மூளையிலே டோபமின் என்னும் இரசாயனப் பொருளின் செயற்பாடு பிறழ்வதும் அறியப்பட்டுள்ளது.

மருந்தும் வீடும்

1952ஆம் ஆண்டில் பாரிஸ் நகர வைத்தியர்களான டிலே, டெனிக்கர் என்போர் குளோர்புரோமசீன் என்னும் மருந்தின் பயனை வெளியிட்டனர். அதன் பின்னரே இந்நோயாளர் பலர் வீடு திரும்பும் வழி பிறந்தது. இன்று மருந்துகள் பல. உடல் பருத்தல், நடுக்கம், தூக்கம் முதலிய பக்கவிளைவுகள் உண்டாயின் வைத்தியரிடம் கூறி மருந்தை மாற்றலாம். தாமாக நிறுத்துதல் தகாது. சுகம் வந்துவிட்டதென்று நிறுத்துவோர் பலருக்கு நோய் மீளுகின்றது. கோயிலுக்கு நேர்த்தி வைப்பதை எவரும் தடுப்பாரில்லை. மருந்தும் உடன் நடைபெறட்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுமாயின் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது.

வீட்டிற் பேசும் பேச்சும் மருந்துக்குத் துணையாகும். 1972ஆம் ஆண்டில் ஜோர்ஜ் பிரவுண் முதலியோர் இலண்டனில் நடத்திய ஆராய்ச்சியொன்று இதனைத் தெளிவாக்கிற்று. வைத்தியசாலையிலிருந்து வீடு சென்றோரை ஒன்பது மாதம் அவதானித்தனர். குறைகூறலும் பகையும் அளவுகடந்த கவலையும் மிகுந்த வீடுகளில் நூற்றுக்கு 58 பேருக்கு நோய் மீண்டது. அவை குறைந்த வீடுகளில் 16 பேருக்கே மீண்டது. நோயைத் தோற்றுவிப்பது வீடன்று. ஆனால் அது மீளாது காப்பதில் வீட்டுக்குப் பெரும் பங்குண்டு. குரல் கேட்கிறதென்று பிள்ளை சொன்னால், "பொய்" என வாதிடவும் வேண்டா, "மெய்" எனத் தலையாட்டவும் வேண்டா. "உனக்குப் பயமாக இருக்குமே, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றால் போதும்.

அம்மாணவன் பின்னர்த் தகப்பனாரின் கடையிற் கணக்கெழுதி வந்தான். ஒருநாள் பஸ் நிலையத்தில் நம்மைக் கண்டு, "சேர், இரவில் குளிசை போடுகிறேன். இப்போது நித்திரை வருகிறது" என்றான். அன்று தொட்டு, வகுப்பில் ஒரு பிள்ளை வாடக் கண்டால், "ஏன் படிக்கவில்லை?" என்று நாம் தொடங்குவதில்லை. "இரவில் நித்திரை வருகிறதா, தம்பி?" என்றே கேட்கின்றோம்.