'டிக்' சத்தம் மட்டும் வந்தால்... பழைய கேப் துப்பாக்கிகள் ஏன் சொதப்புகின்றன?

1841, மே 30. சீனாவின் கேன்டன் (இன்றைய குவாங்சோ) நகருக்கு வடக்கே சான்யுவான்லி வயல்வெளியில் பேய்மழை. முதல் அபினிப் போரில் பிரிட்டிஷாருக்காகச் சண்டையிட வந்திருந்த 37-வது மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரியின் ஒரு கம்பெனி, மழையில் வழி தவறி, ஈட்டிகளோடு திரண்டு வந்த உள்ளூர் மக்களின் நடுவே மாட்டிக்கொண்டது. சிப்பாய்கள் எல்லோர் கையிலும் துப்பாக்கி இருந்தது. ஆனால் சுட முடியவில்லை. சக்கிமுக்கிக் கல் உரசி வரும் பொறியில் பற்றவேண்டிய மருந்து மழையில் நனைந்துபோயிருந்தது.

அவர்களைத் தேடி அனுப்பப்பட்ட ராயல் மரீன் வீரர்களிடம் இருந்தது புதுவகைத் துப்பாக்கி. கல்லுக்குப் பதில் சின்ன செப்புத் தொப்பி ஒன்று அதில் இருந்தது. அதே மழையில் அது சுட்டது. மெட்ராஸ் சிப்பாய்கள் மீட்கப்பட்டார்கள்.

அந்தத் தொப்பிதான் பெர்கஷன் கேப். இது நம்பகமானது என்று பிரிட்டிஷ் ராணுவத்துக்குத் தெரியாமல் இல்லை. ஏழு வருஷம் முன்பே, 1834-ல், வூல்விச்சில் இரண்டு வகையையும் தலா 6,000 முறை சுட்டுப் பார்த்திருந்தார்கள். கல் துப்பாக்கி 922 முறை ஏமாற்றியது. கேப் துப்பாக்கி ஏமாற்றியது 36 முறை மட்டுமே. இருந்தும் மெட்ராஸ் சிப்பாய்கள் பழையதோடுதான் சீனாவுக்குப் போனார்கள்.

சரி, அந்த 36 முறை ஏன் தவறியது? அமெரிக்காவில் இன்றும் கருமருந்துத் துப்பாக்கியோடு வேட்டைக்கும் போட்டிக்கும் போகிறவர்களைப் படுத்துவது இதே கேள்விதான்.

கேப் எப்படி வேலை செய்கிறது?

தீபாவளிக்கு பொம்மைத் துப்பாக்கியில் வைத்துச் சுடும் கேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அடி பட்டால் வெடிக்கும். இதுவும் ஏறக்குறைய அப்படித்தான். சிறிய செப்புக் கிண்ணத்தின் அடியில் அடிபட்டால் வெடிக்கும் ரசாயனம் துளியூண்டு இருக்கும். அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் பாதரச ஃபல்மினேட். அடியால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்து 1807-ல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார். கல் துப்பாக்கியின் முதல் பொறியைப் பார்த்தே பறவைகள் தப்பிவிடுகின்றன என்பதுதான் அவருடைய கவலை!

குழலின் பின்பக்கம் 'நிப்பிள்' என்ற குட்டிக் கூம்பு துருத்திக்கொண்டிருக்கும். நடுவில் ஓட்டை. கேப்பை அதன் தலையில் மாட்ட வேண்டும். ஹேமர் அடித்ததும் கேப் வெடித்து, தீ அந்த ஓட்டை வழியாக வளைந்து போய், குழலுக்குள் இருக்கும் மருந்தைத் தொடும். பயணம் ஓரிரு அங்குலம்தான். தகராறு எல்லாம் அந்த வழியில்தான்.

சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்

துப்பாக்கி சுடவில்லை என்றால் பலரும் முதலில் திட்டுவது கேப் கம்பெனியைத்தான். பெரும்பாலும் அது பாவம், நிரபராதி.

வெறும் 'டிக்' மட்டும் கேட்டது, கேப் வெடிக்கவில்லை என்றால், கோளாறு வெளியே. கேப் நிப்பிளில் முழுசாக உட்காராததுதான் வழக்கமான காரணம். முதல் அடி கேப்பை உள்ளே தள்ளவே செலவாகிவிடும், இரண்டாவது அடிக்கு அதே கேப் வெடிக்கும். அப்படி நடந்தால் கேப் நல்ல கேப்தான், அளவுதான் சரியில்லை. சிலர் தளர்ந்த கேப்பை விரலால் நசுக்கி மாட்டுவார்கள். சமாளிக்கலாம், ஆனால் சரியான அளவு வாங்குவதுதான் வழி. வருஷக்கணக்கில் அடி வாங்கிய நிப்பிளின் தலை சப்பையாகிப் பரந்திருந்தாலும் கேப் இறங்காது. அப்போது நிப்பிளையே மாற்ற வேண்டும். அதிகச் செலவில்லை. ஆனால் மறை அளவு துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். பொருந்தாததை முறுக்கி ஏற்றினால் குழலின் மறையே போய்விடும். இதெல்லாம் சரியாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால், ஹேமரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

'பட்' என்று கேப் வெடித்தது, துப்பாக்கி சுடவில்லை என்றால் கதையே வேறு. தீ பிறந்துவிட்டது, மருந்தைப் போய்ச் சேரவில்லை. இங்கே முதல் சந்தேகம் எண்ணெய் மேல். துரு பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய், அலமாரியில் நிமிர்த்தி வைத்த துப்பாக்கியில் மெல்ல வடிந்து அடியில் தேங்கும். அக்கறையாகப் பராமரிப்பவர்களுக்கே இந்தத் தொல்லை அதிகம் என்பதுதான் வேடிக்கை. அடுத்தது கரி. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே இருக்கும், அதில் ஒரு பகுதி கசடாகக் குழலில் தங்கும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழம்பாகி ஓட்டையை அடைக்கும். வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாகக் காயவைப்பதுதான் பழைய வைத்தியம், இன்றும் அதுதான்.

கருமருந்துக்குப் பதிலாக விற்கும் பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் பற்றிக்கொள்ள இன்னும் அதிகச் சூடு கேட்கும். அதற்குச் சாதாரண கேப் சில சமயம் போதாது.

அனுபவசாலிகள் மருந்து போடும் முன்பே ஒரு சோதனை செய்வார்கள். காலித் துப்பாக்கியின் வாயைப் புல்லுக்குப் பக்கத்தில் பிடித்து, வெறும் கேப்பை மட்டும் வெடிப்பார்கள். புல் ஆடினால் வழி திறந்திருக்கிறது. ஆடாவிட்டால் ஊசிக்கம்பியால் நிப்பிளைக் குத்திச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பார்ப்பார்கள்.

சுடாத துப்பாக்கிதான் ஆபத்து

மருந்து போட்ட பிறகு சுடவில்லை என்றால் உடனே திருப்பிப் பார்க்கவே கூடாது. உள்ளே ஒரு பொறி புகைந்துகொண்டிருக்கலாம், சில நொடி கழித்துச் சுடலாம். இதற்கு ஹேங்ஃபயர் என்று பெயர். குழலை இலக்கின் பக்கமே நீட்டியபடி ஒரு நிமிஷமாவது காத்திருந்து, பிறகுதான் புது கேப் மாட்ட வேண்டும். என்ன ஆனாலும், உள்ளே இருப்பதன் மேல் இன்னொரு லோடு போடக் கூடாது.

போடுவார்களா என்ன? போட்டிருக்கிறார்கள். 1863 ஜூலையில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களத்தில் பொறுக்கிய துப்பாக்கிகள் 27,574 என்கிறது அன்றைய ஆயுதக் கிடங்குக் கணக்கு. அவற்றில் ஏறக்குறைய 24,000 சுடப்படாமல் மருந்தோடு கிடந்தன. பாதியில் இரண்டு லோடு. கால்பங்கில் 3 முதல் 10 வரை. ஒன்றில் 23!

கொல்ல மனமில்லாமல் சுடுவதுபோல் பாவனை செய்தார்கள் என்று சிலர் விளக்குகிறார்கள். இருக்கலாம். ஆனால் ஆயிரம் துப்பாக்கி ஒன்றாக முழங்கும்போது தன் கையில் கேட்ட 'டிக்' ஒருவருக்கு எப்படிக் கேட்கும்? பதற்றத்தில் கேப் மாட்டவே மறந்திருந்தால் அதுகூட வராது. சுட்டுவிட்டோம் என்று நினைத்து அடுத்ததை இறக்கியிருப்பார்கள்.

ஆனால் மருந்தை இடித்து இறக்கும் கம்பி பொய் சொல்லாது. லோடு ஏற ஏற அது குழலுக்கு வெளியே கூடுதலாக நீட்டிக்கொண்டு நிற்கும். இன்று சுடும் களங்களில் பலர் அந்தக் கம்பியில் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறார்கள். ஒரு லோடு இருந்தால் கோடு குழல் வாயோடு சமமாக நிற்கும். கோடு மேலே ஏறி நின்றால், கேப்பைத் தொடவே மாட்டார்கள்.