பிளாட்பெட் லாரிக்கு மட்கார்டு, மட் ஃப்ளாப்: பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை என்ன?

பெங்களூரு: மழைக்காலத்தில் லாரிக்குப் பின்னால் செல்லும் இருசக்கர வாகன ஓட்டியின் பார்வையை, லாரிச் சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுநீர் ஒரு நொடியில் மறைத்துவிடும். வறண்ட சாலையில் அதே சக்கரம் ஜல்லிக் கற்களைத் தெறிக்கவிடும். இவை இரண்டையும் தடுப்பவை, சக்கரத்தின் மேல் வளைவாக அமையும் மட்கார்டும் அதன் பின்னால் தொங்கும் ரப்பர் மட் ஃப்ளாப்பும் ஆகும்.

பெங்களூரில் ஹலசூரை ஒட்டிய மர்பி டவுன், தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. அதன் அருகே செல்லும் பழைய மெட்ராஸ் சாலையில் சரக்கு லாரிகளும் இருசக்கர வாகனங்களும் அடுத்தடுத்துச் செல்கின்றன. இத்தகைய சாலைகளில் ஒரு ரப்பர் தகடு இல்லாததன் விளைவு, லாரியைவிடப் பின்னால் வருபவரையே அதிகம் பாதிக்கிறது.

பிளாட்பெட் லாரியில் ஏன் கூடுதல் கவனம்?

பிளாட்பெட் லாரிக்குப் பக்கச் சுவர்கள் இல்லை. தளமும் சக்கரங்களுக்கு மேல் உயரமாக இருப்பதால் சேறும் கல்லும் எளிதில் வெளியேறுகின்றன. பல லாரிகள் சேசிஸாக வாங்கப்பட்டு, நாமக்கல், திருச்செங்கோடு போன்ற இடங்களில் பாடி கட்டப்படுகின்றன. பின்சக்கர மட்கார்டு எப்படி அமைகிறது என்பது பெரும்பாலும் பாடி கட்டும் பட்டறையில்தான் முடிவாகிறது. லாரி பாடி கட்டுமானத்துக்கென ஏஐஎஸ்-093 என்ற தரநிலை நடைமுறையில் உள்ளது.

சுமையேறிய நிலையே அளவுகோல்

காலி லாரியில் அளவெடுத்து மட்கார்டு பொருத்துவது பொதுவான தவறு. சுமை ஏறியதும் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி, தளத்துக்கும் டயருக்கும் இடையிலான தூரம் குறைகிறது. பள்ளத்தில் இறங்கும்போது அது மேலும் குறையும். அப்போது டயர் மட்கார்டில் உரசினால் டயர் கிழிய வாய்ப்புண்டு. எனவே முழுச் சுமையில், ஸ்பிரிங் இறுதிவரை அமுங்கினாலும் உரசாத இடைவெளி தேவை.

மட் ஃப்ளாப்பின் அகலம் இரட்டைச் சக்கரங்களின் முழு அகலத்தையும் மறைக்க வேண்டும். டயருக்கு மிக நெருக்கமாகத் தொங்கவிட்டால், லாரி பின்னோக்கி வரும்போது டயருக்கும் நடைமேடை விளிம்புக்கும் இடையே சிக்கி அறுந்துவிடும். கீழ் விளிம்பு, சுமையேறிய நிலையிலும் தரையில் இழுபடாத அளவுக்கு மட்டுமே தாழ்வாக இருக்க வேண்டும். ரப்பரை வெறும் போல்ட்டால் மாட்டினால் துளையிலிருந்து கிழியும். மேல் விளிம்பின் மீது இரும்புப் பட்டை வைத்து முடுக்கினால் இழுவிசை பரவி, ரப்பர் நீடித்து உழைக்கும்.

சேசிஸில் துளையிடலாமா?

சுமையைத் தாங்கும் சேசிஸ் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடுவதும் வெல்டிங் செய்வதும் விரிசலுக்கு வழிவகுக்கும். ஏற்கெனவே உள்ள துளைகளில், லாக் நட்டுடன் தாங்கிகளைப் பொருத்துவதே பாதுகாப்பானது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 லாரிகளில் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அதிகம். எனவே வேறு பகுதிகளில் வெல்டிங் செய்தாலும் முன்னதாக பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பிரேக் காற்றுக் குழாய்களிலும் மின்கம்பிகளிலும் தாங்கிகள் உரசக் கூடாது.

விதிகள் சொல்வது என்ன?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 93ஆவது விதிப்படி வாகனத்தின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. மட்கார்டு வெளியே நீளும்போது இதை மறக்கக் கூடாது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆவது பிரிவு தடை செய்கிறது. பின்விளக்கு, பதிவெண் பலகை, ஒளிரும் பட்டை ஆகியவற்றை மட் ஃப்ளாப் மறைக்கக் கூடாது.

மட் ஃப்ளாப் என்பது பின்புறத் தடுப்புக்கு மாற்றல்ல. மோதும் வாகனம் லாரிக்கு அடியில் புகுவதைத் தடுப்பது வலுவான இரும்புத் தடுப்பு மட்டுமே. ரப்பரால் அதைச் செய்ய முடியாது.

பொருத்திய பிறகு முதல் சில பயணங்களின் முடிவில் நட்டுகளை மீண்டும் முடுக்க வேண்டும். சுமை ஏற்றிய லாரியை மெதுவாக ஓட்டி, உரசும் ஓசை கேட்கிறதா என்று சோதிப்பது பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய கடைசி வேலை.