மரவள்ளியும் கல்லுப்பும் கருவின் மூளையும்

கல்வராயன் மலையிலும் சின்னசேலம் பக்கமும் மரவள்ளிதான் காசு தரும் பயிர். பெரும்பகுதி ஜவ்வரிசி ஆலைக்குப் போகும்; கொஞ்சம் வீட்டு அடுப்பில் வேகும். அந்தக் கிழங்கில் லினமரின் என்றொரு பொருள் உண்டு. அதிலிருந்து பிரியும் சயனைடை உடல் தயோசயனேட்டாக மாற்றுகிறது. தைராய்டு சுரப்பிக்குள் அயோடின் போகவிடாமல் மறிப்பது இந்தத் தயோசயனேட். கம்பிலும் தைராய்டை மந்தமாக்கும் பொருள்கள் இருப்பதைச் சூடானில் நடந்த ஆய்வுகள் காட்டின.

மாசமாக இருக்கும் பெண்ணுக்கு இது சின்ன விஷயமல்ல. கருவின் சுரப்பி 12 வாரத்தை ஒட்டித்தான் மெல்ல வேலையைத் தொடங்கும். அதுவரை மூளை வளர்வது, அயோடினைக் கொண்டு தாயின் தைராய்டு சுரக்கும் தைராக்சினை நம்பியே. நரம்பு செல்கள் இடம்பெயர்ந்து அடுக்காக அமையத் தொடங்குவதும் அப்போதுதான். இந்த நேரத்துத் தைராக்சின் குறைபாடு ஆட்டிசத்துக்கு வழிவிடலாம் என்று 2007இல் எழுதினார் நரம்பியல் மருத்துவர் குஸ்தாவோ ரோமான். உணவில் உள்ள தடைப்பொருள்களையும் அவர் கணக்கில் எடுத்தார். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் சுமார் 4,000 தாய்மாரையும் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2013இல் வெளியானது. கர்ப்பத் தொடக்கத்தில் தைராக்சின் கடுமையாகக் குறைந்திருந்தவர்களின் பிள்ளைகளிடம், 6 வயதில் ஆட்டிச அறிகுறிகள் தென்படும் வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு.

இது தொடர்பு மட்டுமே. காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கு பெரிது. ஆட்டிசமுள்ள பிள்ளையின் தாயிடம் "மாசமா இருந்தப்ப என்னத்தத் தின்ன?" என்று கேட்பது கொடுமை.

ஆட்டிசக் கேள்விக்கு விடை எப்படி வந்தாலும், அயோடின் குறைந்தால் கருவின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும் என்பதில் சந்தேகமே இல்லை. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூத்துக்குடியும் வேதாரண்யமும் மரக்காணமும் உப்பு விளைவிக்கும் தமிழ்நாட்டில், போதிய அயோடின் உள்ள உப்பைப் புழங்கும் வீடுகள் 61.9 சதவீதம்தான் என்றது 2018-19 தேசியக் கணக்கெடுப்பு. நாட்டிலேயே கடைசி இடம். மனம் பொறுக்காத செய்தி இது.

மரவள்ளியையும் கம்பையும் விட்டுவிட வேண்டியதில்லை. உடலில் அயோடின் போதுமான அளவு இருந்தால் இவற்றின் தடை பெரிதாகப் பலிக்காது. கிழங்கைத் தோல் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் கிழங்கு ஆகாது. கல்லுப்பைக் கழுவிப் போடுகிற வீடுகளில் அயோடினும் தண்ணீரோடு போய்விடுகிறது. பாக்கெட்டில் அயோடின் முத்திரை பார்த்து வாங்கி, மூடி வைத்து, சமையல் முடியும் நேரத்தில் சேர்ப்பது நல்லது. அதற்காக உப்பைக் கூட்டவும் வேண்டாம், அயோடின் மாத்திரையைத் தானாக வாங்கிப் போடவும் வேண்டாம்.

நாள் தள்ளியதுமே மலையிலுள்ள வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுக்கும்போது, தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்எச் அளவையும் பார்த்துவிட வேண்டும். ஐந்தாம் மாதம் பார்ப்பது தாமதம். உப்பில் சோதனைக் கரைசலை ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருந்தால் நீலமாகும். மலைக் கிராமங்களுக்கு வரும் நர்சம்மாவின் பையில் அந்தக் குப்பியும் இருக்கட்டும்.