அம்மாவுக்கு ஒரு நிமிஷ டெஸ்ட்

கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஹெச்பிவி வைரஸ். செல்கள் மாற ஆரம்பிச்சு கேன்சராக பொதுவா 10 வருஷத்துக்கு மேல ஆகும். அதுவரை வலி எதுவும் தெரியாது. ஆக, "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே"ன்னு உங்க அம்மா சொல்ற காலம்தான் டெஸ்ட் எடுக்க சரியான காலம்.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். டாக்டரோ நர்ஸோ கர்ப்பப்பை வாய் மேல நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவுவாங்க. வினிகர்ல இருக்கிற அதே அமிலம்தான். ஒரு நிமிஷம் கழிச்சுப் பார்த்தா, மாறின செல்கள் இருக்கிற இடம் வெள்ளையாத் தெரியும். வெள்ளைன்னா கேன்சர்னு அர்த்தமில்லை. அடுத்த பரிசோதனை வேணும்னு அர்த்தம்.

இதனால உயிர் பிழைக்குமா? திண்டுக்கல் மாவட்டத்துல 30 முதல் 59 வயசுப் பெண்கள்கிட்ட நடந்த ஆய்வு 2007-ல லான்செட் இதழில் வந்தது. இந்த டெஸ்ட் கொடுத்த ஊர்கள்ல இந்த நோயால வந்த இறப்பு 35% குறைஞ்சிருந்தது.

திண்டிவனமோ விழுப்புரமோ, அரசு ஆஸ்பத்திரியில 30 வயசு தாண்டின பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம். செமஸ்டர் லீவுல அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. நேர்ல சொல்லக் கூச்சமா இருந்தா, இந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க.