விமானத்துக்கு முன்னே உள்ள தூரம்

தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டையிலிருந்து சிங்கப்பூருக்கு விடுமுறைப் பிரயாணம் புறப்படும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். பக்கத்திலுள்ள சேலம் விமான நிலையத்திலிருந்து அந்நிய தேசங்களுக்கு விமானம் கிடையாது. ஆகையால், பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளியில் 2008 மே மாதம் திறக்கப்பட்ட கெம்பேகவுடா விமான நிலையத்தையே அவர்கள் நம்பியிருக்க வேண்டும். கிருஷ்ணகிரி வழியாகப் போனாலும் சரி, ராயக்கோட்டை வழியாகப் போனாலும் சரி, ஒசூரைத் தொட்டு, மாநில எல்லையைக் கடந்து, பெங்களூர் மாநகரத்தின் தெற்குக் கோடியில் நுழைந்து வடக்குக் கோடியில் வெளிப்பட்டு, ஏறக்குறைய 170 கிலோமீட்டர் ஓடிய பின்னரே அவர்கள் கண்ணுக்கு விமானம் புலப்படும். விடியற்காலை விமானத்துக்கு முந்தைய இரவே சாப்பாட்டை முடித்துக் கார் ஏறுகிறார்கள். பாட்டி எல்லோர் நெற்றியிலும் திருநீறு இட்டு, 'எங்கே போகிறீர்கள்' என்று எவரும் கேட்டுவிடாதபடி வாசலில் காவல் நிற்கிறாள்.

பாட்டியின் அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவதற்கு முன், சட்டம் எந்த இடத்திலிருந்து பிரயாணியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது என்று விசாரித்துப் பார்ப்பது நல்லது. விமானம் தாமதமானால் உணவு, ரத்தானால் நஷ்டஈடு, பெட்டி தொலைந்தால் பரிகாரம் என்று விதிகள் பல உண்டு. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை விமான நிலையத்துச் செக்-இன் கவுண்டரில் நாம் உரிய நேரத்தில் போய் நின்ற பிறகுதான் உயிர்பெறுகின்றன. வீட்டு வாசலுக்கும் அந்தக் கவுண்டருக்கும் இடையே நேரும் விக்கினங்களுக்கு உத்தரவாதி எவருமில்லை. சென்னை, பெங்களூர் வாசிகளுக்கு அந்த இடைவெளி ஒரு மணி நேரம். தருமபுரிச் சீமைக்காரருக்கோ அதுவே யாத்திரையின் பெரும்பகுதி.

2016 செப்டம்பர் 12ஆம் தேதியை இந்தப் பக்கத்து மக்கள் எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். காவிரி நீர் குறித்த உச்ச நீதிமன்றக் கட்டளையை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் மூண்டு, தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் தீக்கிரையாகி, ஒசூருக்கு அப்பால் வண்டிகள் ஓடாமல் நின்றுபோக, ஜனங்கள் மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு அத்திப்பள்ளி எல்லையை நடந்தே கடந்தார்கள். மறுபடியும் 2023 செப்டம்பர் 29ஆம் தேதி, அதே காவிரியை முன்னிட்டுக் கர்நாடகத்தில் முழு அடைப்பு நடந்தபோது, பெங்களூர் விமான நிலையத்தில் 40க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. இவ்விரண்டு நாள்களிலும் ஒரு பேதத்தைக் கவனிக்க வேண்டும். விமான நிறுவனமே விமானத்தை ரத்து செய்தால் டிக்கெட் பணம் திரும்பி வரும்; விமானம் தன் நேரத்துக்குப் புறப்பட்டு, எல்லையில் அகப்பட்ட நாம் போய்ச் சேராவிட்டால், காரணம் எத்தனை நியாயமானதாக இருந்தாலும், 'பிரயாணி வரவில்லை' என்பதே கணக்கு. வெளிநாட்டு விமானங்களுக்குப் புறப்படும் நேரத்துக்கு 60 நிமிடம் முன்பே பெரும்பாலான நிறுவனங்கள் கவுண்டரை மூடிவிடுகின்றன. மூடியபின் அழுது பயனில்லை.

முற்றும் பயனில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பயன்படுத்தாத டிக்கெட்டிலும், அதில் வசூலித்த அரசு வரிகளையும் விமான நிலையத்தாரின் மேம்பாட்டுக் கட்டணம் முதலியவற்றையும் திருப்பித் தரவேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி; அடிப்படைக் கட்டணம் திரும்பாது என்று அச்சிட்ட சலுகை டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். கேட்டு வாங்குவோர் சொற்பம்.

சாலையைக் கடந்து கவுண்டரை அடைந்தவருக்குக் காத்திருக்கும் அடுத்த விக்கினம் அவருடைய பெயரே. குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லாத நமக்கு, தந்தையின் முதலெழுத்தைத் தலையில் சுமந்த ஒற்றைப் பெயர் போதுமானதாக இருந்துவந்தது. பாஸ்போர்ட்டோ, இனிஷியலை விரித்தெழுதச் சொல்கிறது. ஒருவர் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக இடுகிறார், இன்னொருவர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார், டிக்கெட் எடுத்துக்கொடுத்த மருமகன் இரண்டையும் முன்பின்னாக மாற்றிப் பதிந்துவிடுகிறார். 2022 நவம்பர் 21 முதல், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கைகால் ஓடவில்லை. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பின்னர் விளக்கம் வந்தது. கவுண்டரில் இருப்பவர் இவ்வளவு கெடுபிடி செய்வதற்குக் காரணம் அவருடைய சுபாவமன்று: தகுந்த ஆவணமில்லாதவரை ஏற்றிச் சென்ற நிறுவனம், பல தேசங்களில் அபராதம் கட்டுவதோடு, அவரைத் திருப்பிக் கொண்டுவரவும் வேண்டும். பாஸ்போர்ட்டு காலாவதியாக ஆறு மாதமேனும் இருக்கவேண்டும் என்று பல தேசங்கள் விதித்திருப்பதையும் அங்கேதான் பலர் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள்.

பெயரும் தேறி, போர்டிங் பாஸும் கைக்கு வந்தாயிற்று என்றால், இனிமேல் நேரும் தாமதம் பெரும்பாலும் நிறுவனத்தின் தலையில் விடியும். பெங்களூரிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் நாலரை மணிப் பிரயாணம் போன்றவற்றில், மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் இந்திய நிறுவனங்கள் உணவும் சிற்றுண்டியும் தரவேண்டும். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானத்தையோ முழுப் பணத்தையோ பிரயாணி கேட்கலாம். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்படவேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் தங்க இடமும் உண்டு. முறைப்படி முன்னறிவிக்காமல் ரத்து செய்தால், இரண்டு மணிக்கு மேற்பட்ட பிரயாணத்துக்கு 10,000 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றுள் எது குறைவோ அது நஷ்டஈடு. 'எது குறைவோ' என்ற அந்தச் சிறு சொற்றொடரை எழுதியவர் கெட்டிக்காரர். புயல், கலகம் போன்ற அசாதாரணச் சந்தர்ப்பங்களில் நஷ்டஈட்டுக் கடமையும் நீங்கிவிடுகிறது.

இயற்கை குறுக்கிடாமலே விமானங்கள் நின்றுபோகும் என்பதற்கு 2025 டிசம்பர் சாட்சி. விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவில் இறங்கும் தடவைகளைக் குறைத்த விதி நவம்பர் 1ஆம் தேதி முழுமையாக அமலுக்கு வந்தபோது, இண்டிகோ நிறுவனத்திடம் அதற்கேற்ற விமானிகள் இல்லை. டிசம்பர் 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. இப்படி அகப்படும் பிரயாணிகளுள் மிகுந்த நஷ்டத்துக்கு ஆளாகக்கூடியவர், பெங்களூரிலிருந்து மும்பைக்கு ஒரு டிக்கெட்டும் அங்கிருந்து அந்நிய தேசத்துக்கு வேறொரு டிக்கெட்டும் தனித்தனியே எடுத்தவர். இரு பிரயாணங்களும் ஒரே பதிவெண்ணில் இருந்தால், முதல் விமானத்தின் தாமதத்தால் இரண்டாவது தவறிப்போகும்போது மாற்று ஏற்பாடு நிறுவனத்தின் கடமை. தனித்தனியாயின், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நாம் வராமற்போன பிரயாணியே. டிக்கெட்டில் மிச்சம் பிடித்த இரண்டாயிரம் ரூபாய்க்கு ஈடாக நாற்பதாயிரம் போகும் வழி இது.

கடைசியாகப் பெட்டி. பிரயாணி சிங்கப்பூரிலும் பெட்டி பெங்களூரிலுமாகப் பிரிந்துபோனால், விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன்பே புகார்ப் படிவம் எழுதி நகல் பெற்றுக்கொள்ள வேண்டும். சேதத்துக்கு 7 நாள், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்ததிலிருந்து 21 நாள் என்று எழுத்துப் புகாருக்குக் கெடு. இந்தியா 2009இல் சேர்ந்த மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, 21 நாளாகியும் வராத பெட்டி தொலைந்ததாகக் கொள்ளப்படும்; பொறுப்பின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். என்னும் சர்வதேச நாணய நிதியக் கணக்கலகு, நம் பணத்தில் ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல். உச்சவரம்பு என்றால் அவ்வளவும் கிடைக்கும் என்று பொருளன்று. உள்ளே இருந்த சேலைக்கும் சட்டைக்கும் ரசீது கேட்பார்கள்.

ஒரு வார விடுமுறைக்குச் சென்ற நம் குடும்பம், கடைவீதியில் வாங்கிய மாற்றுடைகளோடு ஊரைச் சுற்றிப் பார்த்துத் திரும்பிய பின்னும் அந்த 21 நாள் முடிந்திராது. நிறுவனம் அமர்த்திய வண்டிக்காரர், பிரித்தே பார்க்காத பெட்டியோடு ஒரு தேய்பிறை அஷ்டமியன்று அதியமான்கோட்டைக்கு வந்து, சாம்பல் பூசணி விளக்கேற்றக் காலபைரவர் சந்நிதியில் கூடிய கூட்டத்தில் வழி விலக்கி, டிக்கெட்டில் முன்பின்னாக அச்சாகியிருந்த அந்தப் பெயரைச் சொல்லி வீடு எது என்று விசாரிக்கக்கூடும். அவர் உச்சரிக்கும் பெயரில் ஊரில் ஒருவரும் இருக்கமாட்டார்.