உளவளத்துணை அறைக்கு வெளியே: சமர்ஹில் பாடசாலை சொல்வது என்ன?

களவெடுத்து அகப்பட்ட மாணவனைத் தண்டிக்காமல், கையில் காசு கொடுத்து அனுப்பும் அதிபரை நமது பெற்றோர் ஏற்பார்களா? இங்கிலாந்தின் சமர்ஹில் பாடசாலையை நிறுவிய ஏ. எஸ். நீல் அப்படிச் செய்தவர். களவெடுக்கும் பிள்ளை தேடுவது பொருளை அல்ல, அன்பை என்று அவர் நம்பினார்.

ஸ்கொட்லாந்து ஆசிரியரான நீல், 1921இல் ஜேர்மனியில் தொடங்கிய இந்தப் பாடசாலை 1927 முதல் சபொக் மாவட்டத்தின் லெய்ஸ்டன் நகரில் இயங்குகிறது. இங்கு வகுப்புக்குப் போவதும் போகாததும் பிள்ளையின் விருப்பம். மாற்றுக் கல்வி பற்றிய பேச்சுகளில் பெரும்பாலும் இதுவே விவாதமாகிறது. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது.

ஆரம்ப காலத்தில், மனம் குழம்பிய பிள்ளைகளோடு நீல் தனித்தனியாக அமர்ந்து பேசுவார். 'தனிப்பாடம்' என்று அதற்குப் பெயர். இன்றைய உளவளத்துணைக்கு நெருக்கமான முயற்சி அது. ஆனால் அதற்கு வர மறுத்த பிள்ளைகளும் காலப்போக்கில் தேறியதை அவர் கவனித்தார். பிள்ளைகளைக் குணப்படுத்தியது தனது பேச்சல்ல, அவர்கள் வாழ்ந்த சுதந்திரமான சூழலே என்ற முடிவுக்கு வந்தார்.

அந்தச் சூழலின் மையம் பாடசாலைக் கூட்டம். ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு வாக்கு, அதிபருக்கும் ஒரு வாக்கு. தன்னை அடித்தவர் மீதும், பொருளை எடுத்தவர் மீதும் யாரும் முறையிடலாம். தீர்ப்பு சிறு தண்டப்பணமாகவோ சாப்பாட்டு வரிசையில் கடைசியில் நிற்பதாகவோ இருக்கும். கோபம் வந்தவர் கை நீட்டாமல் வார்த்தையால் சொல்லப் பழகுகிறார். தொல்லை கொடுத்தவர், தனது செயல் மற்றவருக்கு எப்படி வலித்தது என்பதை நேரில் கேட்கிறார். படுக்கைக்குப் போகும் நேரம் உட்படப் பல விதிகளைக் கூட்டமே தீர்மானிக்கிறது. ஆகவே இது விதிகளே இல்லாத இடமல்ல.

1999இல் அரச பரிசோதகர்கள் கடுமையான அறிக்கை அளித்ததால் பாடசாலை மூடப்படும் நிலை வந்தது. 2000ஆம் ஆண்டு விசாரணையில் அரச தரப்பு சமரசத்துக்கு இறங்கியபோது, அதை ஏற்பதா என்று முடிவெடுக்க மாணவர்கள் நீதிமன்ற அறையிலேயே தமது கூட்டத்தை நடத்தினார்கள்.

சமர்ஹில் கட்டணம் அறவிடும், சிறிய விடுதிப் பாடசாலை. வகுப்பில் நாற்பது பேர் இருக்கும் நமது பாடசாலைகளுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் நமது நிலைமை என்ன? உடல் தண்டனையைத் தவிர்க்குமாறு 2005இலேயே கல்வியமைச்சு சுற்றறிக்கை விடுத்தும் பிரம்பு முற்றாக மறையவில்லை. 'பிரச்சினைக்குரிய' பிள்ளை உளவளத்துணை ஆசிரியரிடம் அனுப்பப்படுகிறது. வகுப்பறை மாறாமலே இருக்கிறது. சாதாரண தரத்தில் சித்தியடையாமல் தொழிற்பயிற்சிக்கு வரும் இளைஞரிடமும், உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்பவர் குறைவு.

உளவளத்துணை வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். பெரும் இழப்புகளைச் சுமக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்றவரின் துணை கட்டாயம் தேவை. ஆனால் அந்த அறையில் கிடைக்கும் மதிப்பு வகுப்பறையில் கிடைக்காவிட்டால் பயன் நீடிக்காது. வாரத்தில் அரை மணிநேர வகுப்புக் கூட்டத்துக்குக் கட்டடமோ நிதியோ தேவையில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான்: அங்கு எடுக்கப்படும் முடிவுக்கு ஆசிரியரும் கட்டுப்பட வேண்டும். இல்லையென்றால், தமது பேச்சுக்கு மதிப்பில்லை என்பதையே பிள்ளைகள் இன்னொரு முறை கற்றுக்கொள்வார்கள்.