என் எடைக்கு ஒரு ஃப்ரேம்: ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளை வீட்லயே கோர்த்த கதை

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: "ப்ரோ, முழு சைக்கிளா வாங்காம ஏன் வெறும் ஃப்ரேமை வாங்கி நீங்களே கோர்த்தீங்க?" நேர்மையான பதில், காசு. ஃபோர்க், பிரேக், ஹேண்டில்பார் எல்லாம் ஏற்கெனவே கையில இருந்துச்சு. ஃப்ரேம் மட்டும் மாத்தினா போதும்னு கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு எங்கெங்க தப்பாச்சுங்கிறதுதான் இன்னிக்கு எபிசோட்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். உங்கள்ல முக்கால்வாசி பேருக்கு ஃபுல் சஸ்பென்ஷன் தேவையே இல்ல. எங்க ஊர் ஜலகண்டாபுரம். சுத்தி செம்மண் வண்டிப்பாதை, ஏரிக்கரை, தாரமங்கலம் போற தார் ரோடு. இதுக்கெல்லாம் முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்கிற ஹார்ட்டெயில் தாராளம். ஏற்காடு ஏறணுமா, 20 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடுதான், அங்க பின் ஷாக் வெறும் பாரம். மேல போய், எஸ்டேட் ஓரமா கல்லும் வேரும் கலந்து இறங்குற ஒத்தையடிப் பாதையில ஓட்டினாதான் பின்னாடி சக்கரம் மேல கீழ போறதோட அருமை தெரியும். (தனியார் எஸ்டேட்னா கேட்டுட்டுப் போங்க. காப்புக்காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம போகாதீங்க.) எனக்கு இந்த ஆசை முளைச்சது 2023 அக்டோபர்ல. கேரளாவுல பொன்முடியில ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்துச்சு. அந்த வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துட்டு, எட்டு மாசம் சேர்த்த பணத்துல பெங்களூருல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல ஷாக்கோட ஒரு அலுமினிய ஃப்ரேம் வாங்கினேன்.

வாங்கறப்ப நான் பார்த்தது மூணு விஷயம்: விலை, கலர், ரீச். ரீச் பார்த்தது சரிதான். பெடல் அச்சு உட்கார்ற குழாய்ல இருந்து ஒரு செங்குத்துக் கோடு போட்டா, அந்தக் கோட்டுக்கும் ஹேண்டில் குழாயோட மேல் முனைக்கும் நடுவுல படுக்கைவாட்டுல இருக்கிற தூரம்தான் ரீச். நின்னுக்கிட்டு இறங்கும்போது உடம்புக்கு எவ்வளவு இடம் இருக்குன்னு அதுதான் சொல்லும். ஸ்மால், மீடியம்ங்கிற பேரை நம்பாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எனக்கு 168 செ.மீ. உயரம், 440 மி.மீ. ரீச் சுகமா இருக்கு.

பார்க்காம விட்டதுல முதல் அடி வீல்ல விழுந்துச்சு. பழைய ஹார்ட்டெயிலோட பின் வீல் 135 மி.மீ. க்விக் ரிலீஸ். இந்த ஃப்ரேமுக்கு 148 மி.மீ. த்ரூ ஆக்சில். புது வீல் வாங்க வேண்டியதாப் போச்சு. அதனால ஃப்ரேமுக்குப் பணம் அனுப்பறதுக்கு முன்னாடி பின் ஆக்சில் அகலம், சீட் போஸ்ட் விட்டம், ஹெட் ட்யூப் அளவு, பாட்டம் பிராக்கெட் வகை, இந்த நாலையும் எழுதி வாங்கிடுங்க. வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிறீங்கன்னா சுங்கம், ஜிஎஸ்டி, கூரியர் எல்லாம் சேர்த்து வீட்டு வாசல்ல என்ன விலைன்னு பாருங்க. வெப்சைட்ல இருக்கிற விலை உங்க விலை இல்ல.

பாட்டம் பிராக்கெட்ல மட்டும் எனக்கு அதிர்ஷ்டம். மரை போட்ட பிஎஸ்ஏ வகை. பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ், தாத்தா காலத்து சைக்கிள்ல பார்த்த அதே மூணு எழுத்து. அந்த மரை அளவு இன்னும் மலை சைக்கிள்ல உயிரோட இருக்கு. அழுத்தி ஏத்துற வகையை விட இதுல சத்தமும் குறைவு, கழட்டறதும் சுலபம். செயின் பக்கத்துக் கப்புக்கு மட்டும் மரை தலைகீழ், கடிகார முள்ளுக்கு எதிரா திருப்பினாதான் இறுகும். தெரியாம பலம் போட்டா ஃப்ரேமே காலி.

கோர்த்தது வீட்லதான், தறிக்குப் பக்கத்துல. பஞ்சுத் தூசி பறக்கிற இடத்துல கிரீஸ் போட்ட பேரிங்கைத் திறந்து வைக்கிறது எவ்வளவு முட்டாள்தனம்னு முதல் நாளே புரிஞ்சுடுச்சு. பின்பக்க இணைப்புல மட்டும் எட்டு பேரிங். ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டிருக்கும். என்னுதுல பெரிசு 6902, அதாவது 15 மி.மீ. உள் விட்டம், 28 வெளி விட்டம், 7 தடிமன். இந்த மாதிரி பொதுவான நம்பர் இருக்கிற ஃப்ரேமா பாருங்க, பேரிங் கடையில நம்பரைச் சொல்லியே வரவழைச்சுக்கலாம். மழைச் சேறும் செம்மண்ணும் சேர்ந்தா பேரிங் சீக்கிரம் போகும். போல்ட்டைக் கைக்கணக்குல இறுக்காதீங்க, எத்தனை நியூட்டன் மீட்டர்னு ஃப்ரேம் மேனுவல்ல இருக்கும். ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கிடுங்க.

இப்போ என் பெரிய தப்புக்கு வர்றேன். ஹார்ட்டெயில்ல செயின் வெட்டற மாதிரியே இதுலயும் வெட்டினேன். முன்னாடி பல்சக்கரம், பின்னாடி பெரிய பல்சக்கரம், சுத்திப் போட்டு அளந்து, நறுக்குனு வெட்டியாச்சு. ஆனா ஃபுல் சஸ்பென்ஷன்ல ஷாக் அமுங்கும்போது, நிறைய ஃப்ரேம்ல, பின் அச்சு பெடல் அச்சை விட்டுத் தள்ளிப் போகும். செயினுக்கு அப்போ கூடுதல் நீளம் வேணும். முதல் சவாரியில, பெரிய கியர்ல ஒரு படிக்கல்லு இறங்கினேன். செயினுக்கு நீள இடமில்ல. ஹேங்கர் முறிஞ்சு, டீரெய்லர் சக்கரக் கம்பிக்குள்ள போய், பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கிச்சு. நான் புதருக்குள்ள. முழங்கையில ஆறு தையல். ஒரு அடி இடப்பக்கம் விழுந்திருந்தா சரிவு.

சரியான முறை இதுதான். ஷாக்ல இருந்து காத்தை முழுசா இறக்கிடுங்க. சக்கரத்தைக் கையால மேல தள்ளி, கடைசி வரைக்கும் அமுக்குங்க. அந்த நிலையில பெரிய பல்சக்கரத்துல செயினைப் போட்டு அளந்துட்டு, அப்புறம் வெட்டுங்க. அப்படியே டயர் சீட் குழாயை உரசுதா, கேபிள் இழுபடுதான்னும் பார்த்துடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

கை ஆறினப்புறம் ரெண்டாவது பிரச்சனை. சைக்கிள் செத்த மாதிரி இருந்துச்சு. முதல் கல்லுல நல்லா அமுங்கும், மூணாவது கல்லுல கட்டை மாதிரி இடிக்கும். ரீபவுண்ட் திருகை, அதாவது ஷாக் எவ்வளவு வேகமா திரும்ப விரியணும்னு சொல்ற சிவப்புத் திருகை, முழுசா திறந்து விட்டும் இதே கதை. ராத்திரி உட்கார்ந்து அமுக்கி அமுக்கிப் பார்த்துட்டிருந்தேன். தறியை நிறுத்திட்டு வந்த அப்பா கேட்டார், "ஏன் சாமி, உன்ற எடைக்குச் செஞ்சதா இது?"

அப்புறம் தறிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினார். பாவு சுத்தின பீம் சும்மா சுழலாம இருக்க அதைப் பிடிச்சிருக்கிற சங்கிலி, அந்தச் சங்கிலியை இழுக்கிற ஒரு நெம்புகோல், அதுல தொங்குற எடைக்கல். "கல்லு அதே கல்லுதான். நுனிக்குத் தள்ளினா பாவு விறைக்கும், உள்ள தள்ளினா தொய்யும்." நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன் நான். இது எனக்குத் தோணியிருக்கணும்.

ஃப்ரேமும் ஒரு நெம்புகோல்தான். சக்கரம் நகர்ற தூரத்தை ஷாக் அமுங்குற தூரத்தால வகுத்தா கிடைக்கிறது லீவரேஜ் ரேஷியோ. என் ஃப்ரேம்ல 130 மி.மீ. ட்ராவல், ஷாக் 55 மி.மீ. வகுத்தா 2.36. பையோட சேர்த்து என் எடை 62 கிலோ. அதுல சுமார் 60 சதவீதம் பின்னாடி விழுதுன்னு வெச்சுக்கிட்டா 37 கிலோ. ஷாக் உணர்றது 37 பெருக்கல் 2.36, அதாவது கிட்டத்தட்ட 87 கிலோ. 92 கிலோ ஆளுக்கு அதே இடத்துல 130. எனக்கு 105 பிஎஸ்ஐ காத்து போதும், அவருக்கு 160 வேணும். ஆனா உள்ள இருக்கிற எண்ணெய்த் தடை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். காத்து குறைஞ்சா திருப்பித் தள்ற விசையும் குறையும், அதே தடையை என் 105 தள்ள முடியாம திணறுது. அடுத்த கல்லு வர்றதுக்குள்ள ஷாக் விரியறதில்ல.

எடை குறைஞ்சவங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் ரேஷியோ, 2.7, 2.9 மாதிரி, இந்த விஷயத்துல வசதி. இதே 62 கிலோவுக்கு 2.9-ல ஷாக் 107 கிலோ உணரும், காத்தும் அதிகம் போடலாம். எடை கூடினவங்களுக்கு நேர் எதிர். ரிவ்யூ பண்ற ஆளோட எடையைப் பார்க்காம "சூப்பர் ப்ளஷ்"னு சொல்றதை நம்பி வாங்கினா என் கதைதான்.

எனக்கு இன்னொரு ஃப்ரேம் வாங்கக் காசில்ல. ஷாக்கை மட்டும் கழட்டி, சஸ்பென்ஷன் சர்வீஸ் பண்றவர்கிட்ட அனுப்பி, என் எடையைச் சொல்லி, உள்ள இருக்கிற ரீபவுண்ட் தகடுகளை லேசானதா மாத்தச் சொன்னேன். திரும்ப வந்ததும் முழு கியரும் மாட்டிக்கிட்டு, சுவத்தைப் பிடிச்சபடி சைக்கிள் மேல ஏறி உட்கார்ந்து ஸேக் அளந்தேன். ஆள் சும்மா உட்கார்ந்தாலே ஷாக் எவ்வளவு இறங்குதுங்கிறதுதான் ஸேக். ரப்பர் வளையம் 15 மி.மீ. நகர்ந்துச்சு, 55-ல 27 சதவீதம். பின்பக்கத்துக்கு 25-ல இருந்து 30 வரைக்கும் நல்ல ஆரம்பம். அப்புறம் களத்து மேட்டு விளிம்புல இருந்து உட்கார்ந்தபடியே இறங்கினேன். ஒரு தடவை எழும்பி அடங்கினா ரீபவுண்ட் சரி, ரெண்டு மூணு தடவை ஆடினா வேகம் அதிகம். எனக்கு முழுசா மூடின நிலையில இருந்து ஒன்பது கிளிக் வெளிய.

போன ஞாயித்துக்கிழமை அதே படிக்கல்லுக்குப் போனேன். முதல்ல இறங்கி நடந்தேன். ரெண்டாவது தடவை ஓட்டினேன். செயின் தாங்குச்சு, ஷாக் மூணு கல்லுக்கும் விரிஞ்சுது. நாலாவது கல்லுல முன் ஃபோர்க் இடிச்சுது. அதுல இன்னும் பழைய காத்துதான், இந்த வாரம் அதைப் பார்க்கணும்.